ஆதாரில் உள்ளபடி

பில்லிங் கவுண்டரில் இருந்த பையன் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டான். மொத்த பில் 1,78,000 ரூபாய். இன்சூரன்ஸ் தர ஒப்புக்கொண்டது 91,800. மீதி 86,200-ஐக் கட்டினால் அப்பாவைக் கூட்டிப்போகலாம். ஆபீஸ் பாலிசியில் அப்பா அம்மாவுக்கு மூன்று லட்சம் கவரேஜ். செலவு இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அப்புறம் பாதிப் பணம் எங்கே போனது?

"நீங்க எடுத்த ரூம்தான் மேடம் காரணம்" என்றான். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில் என்பது குரலிலேயே தெரிந்தது.

இது 2024 செப்டம்பரில். அப்பாவுக்குப் பித்தப்பையில் கல், கூடவே தொற்று. லேப்ராஸ்கோப்பி செய்து பித்தப்பையை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்காக நான்கு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் தங்கும் அறை 3,000, தனி அறை 5,000 என்றார்கள். அப்பா விடும் குறட்டையில் பக்கத்துப் படுக்கைக்காரர் பாவம் என்று தனி அறை எடுத்தேன். காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்தான் அறை வாடகை வரம்பு என்பது எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருந்தது. நாளுக்கு 2,000 கூடுதல், நான்கு நாளைக்கு 8,000, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வரம்பைத் தாண்டிய அறை அறையோடு நிற்பதில்லை. அறையின் தரத்துக்குத் தகுந்தபடி மருத்துவமனை மற்ற கட்டணங்களையும் ஏற்றும் என்பதால், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங், டாக்டர் விசிட் எல்லாவற்றையும் இன்சூரன்ஸ்காரர்கள் அதே விகிதத்தில் வெட்டுகிறார்கள். இதற்கு ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன் என்று பெயர். 5,000-க்கு 3,000 என்றால் 60 சதவீதம். எங்கள் பில்லில் அறைக்கு 20,000. டாக்டர், தியேட்டர் வகையறா 90,000. மருந்து, ஸ்கேன், லேப் 60,000. கையுறை, அட்மிஷன் கிட் போன்ற சில்லறைகள் 8,000. அந்தச் சில்லறைகளுக்குப் பாலிசியில் இடமே இல்லை. மீதி 1,70,000-ல் 60 சதவீதம் 1,02,000. அதிலும் பெற்றோருக்கு 10 சதவீதம் கோ-பே, நம் பங்கு. 10,200 போனால் 91,800.

கணக்கு சரிதான். ஆனால் எங்கோ இடித்தது. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, அன்று இரவே ஹெச்.ஆர். போர்ட்டலிலிருந்து பாலிசி பிடிஎஃப்பை இறக்கிப் படித்தேன். இரண்டு வருடமாகப் பிரீமியம் கட்டிய பிறகு முதல் முறையாகப் படிக்கிறேன். மருந்து, பரிசோதனைகள், உடலில் பொருத்தும் சாதனங்கள் ஆகியவற்றை இந்த விகித வெட்டில் சேர்க்கக்கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எங்களுக்கோ 60,000 ரூபாய் மருந்து, ஸ்கேன், லேப் எல்லாவற்றிலும் கத்தி வைத்திருந்தார்கள். பக்க எண்ணைக் குறிப்பிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் டிபிஏவுக்கு ஒரு மெயில், ஹெச்.ஆருக்கு நகல். கோபமாக எதுவும் எழுதவில்லை, கூட்டல் கழித்தலை மட்டும் எழுதினேன். மூன்று வாரத்தில் 21,600 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. வராமல் போயிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் நல்ல பதில் இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போவதாக இருந்தேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. என்னைப் போல ஆபீஸ் மூலம் சேர்ந்த குரூப் பாலிசிக்காரர்களும் போகலாம்.

கடைசியில் என் கையிலிருந்து போனது 64,600. அந்த 3,000 ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால் 24,200-தான் ஆகியிருக்கும் என்று பிறகு போட்டுப் பார்த்தேன். அப்பாவின் குறட்டைக்கு 40,400 ரூபாய். அவரிடம் இன்று வரை சொல்லவில்லை.

நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தது 2022 ஜூனில். அதற்கு முந்தைய வேலையை விட்டதற்கும் இதில் சேர்ந்ததற்கும் நடுவே 18 நாள் இடைவெளி. அந்தப் பதினெட்டு நாளுக்குள்தான் என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். பழைய கம்பெனியின் கவரேஜ் கடைசி வேலை நாளோடு முடிந்துவிட்டது, புதியது தொடங்கவில்லை. கணவரின் ஆபீஸ் பாலிசியில் மனைவி, குழந்தைக்கு இடம் உண்டு. ஆனால் 'நீதான் போட்டிருக்கியே' என்று அவர் எங்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார். முழுத் தொகையும் சொந்தப் பணம்.

வேலையை விடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் டீமில் ஒருவர் போன வருடம் வேறு கம்பெனிக்குப் போனார். அவருடைய அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போதே, குரூப் பாலிசி நடத்தும் அதே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, அம்மாவைத் தனிநபர் பாலிசிக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிட்டார். இதை மைக்ரேஷன் என்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிநபர் பாலிசியில் மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். ஆனால் குரூப்பில் தொடர்ந்து இருந்த வருடங்கள் அதில் கழிந்துவிடும். அந்த அம்மா நான்கு வருடம் இருந்தார், ஆகவே காத்திருப்பே இல்லை. பிரீமியத்தை ஏற்றித்தான் கொடுத்தார்கள். இஷ்டப்பட்டால் மறுக்கவும் அவர்களுக்கு இடம் உண்டு. இருந்தாலும் வெளியே புதிதாகப் போய்க் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? ஒன்று மட்டும், பழைய கம்பெனியின் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு இதைக் கேட்டால் காலம் கடந்துவிடும்.

சரி, 2022-க்கு வருகிறேன். சேர்ந்த முதல் வாரம், குடும்பத்தாரின் விவரங்களைப் பதினைந்து நாளுக்குள் போடச் சொல்லி போர்ட்டலிலிருந்து மெயில் வந்தது. நான், கணவர், மகன், மூவருக்கும் கம்பெனியே பிரீமியம் கட்டும். பெற்றோரைச் சேர்த்தால் வருடத்துக்கு 18,000 ரூபாய் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்குக் கீழே ஒரு பெட்டி. அழுத்தினால் இரண்டே வரி விரிந்தது: பெற்றோர், அல்லது துணைவரின் பெற்றோர். அப்பாவையும் மாமியாரையும் கலந்து போட முடியாது.

கணவரிடம் காட்டினேன். "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்றார். இந்தப் பதில் எவ்வளவு கனமானது என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். கணவரின் ஆபீஸில் பெற்றோரைச் சேர்க்க வழியே இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் மாமா அத்தையோடு இருக்கும் கொழுந்தனார் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தார், தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கார்டு இருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் வேறு வருமானம் இல்லாததால் அவரைச் சார்ந்தவர்களாக அந்தக் கார்டில் இருந்தார்கள். மாதம் 9,000 ரூபாய்க்குள் வருமானம் இருக்கிற பெற்றோரை அப்படிச் சேர்க்கலாம். அத்தைக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரை இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே கிடைத்தது. அவர்களுக்குத்தான் அது இருக்கிறதே என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு, என் பெற்றோரைப் போட்டேன்.

அப்போது செய்த இன்னொரு கூத்து, அப்பாவை அட்மிட் செய்த இரவுதான் வெளியே வந்தது. போர்ட்டலில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கேது கடைசிப் பெயர்? அப்பாவின் இனிஷியலைப் போட்டால் ஒற்றை எழுத்தை ஏற்கமாட்டேன் என்றது. தாத்தா பெயரை விரித்து எழுதிவிட்டேன். ஆதாரில் இனிஷியல் மட்டும்தான், அதுவும் பெயருக்குப் பின்னால். பிறந்த தேதிக்கு, வீட்டில் பாயசம் வைக்கும் நாளைப் போட்டேன். ஆதாரில் இருப்பதோ, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோதாக எழுதிக்கொண்ட ஒரு மே மாதத் தேதி.

இரவு பதினொன்றரை மணி. எமர்ஜென்சியில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் இ-கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பேர் மாதிரி இருக்கே மேடம்" என்றார். இருந்தாலும் அனுப்பிப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் போட்ட விதிப்படி, கேஷ்லெஸ், அதாவது பணத்தை மருத்துவமனைக்கு நேராகக் கட்டச் சொல்லும் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். பெயரும் தேதியும் பொருந்தவில்லை, கம்பெனியிலிருந்து திருத்தக் கடிதம் வேண்டும் என்று ஐம்பது நிமிடத்திலேயே பதில் வந்துவிட்டது. 25,000 அட்வான்ஸ் கட்டி அட்மிட் செய்தேன். ஹெச்.ஆரில் இருந்த பெண் மறுநாள் காலை ஏழு மணிக்கே போனை எடுத்து, ஆதார் நகலை வாங்கி, இன்சூரன்ஸ் புரோக்கரின் ஆளைத் துரத்தி, மதியத்துக்குள் திருத்தம் வாங்கிக் கொடுத்தார். ஹெச்.ஆரைக் குறை சொல்லிப் பேசுவது நம் ஊர்ப் பழக்கம். அந்த நாளுக்குப் பிறகு நான் அதை விட்டுவிட்டேன்.

டிஸ்சார்ஜுக்கும் இதே போல ஒரு விதி உண்டு. மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மருத்துவமனை பில்லைத் தயார் செய்து அனுப்பிய பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். எங்களுக்கு அனுமதி இரண்டரை மணி நேரத்தில் வந்தது, பில் தயாராக நாலு மணி நேரம் ஆனது.

அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் இருக்கும். கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, எனக்கு இ.எஸ்.ஐ. கட் ஆயிருச்சு." குரலில் பாதி பெருமை, பாதி பயம். ஜூலையில் சம்பளம் 20,500-லிருந்து 23,500 ஆகியிருந்தது. இ.எஸ்.ஐ.க்கு உச்சவரம்பு 21,000. சம்பளச் சீட்டில் மாதம் 154 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள், 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டியது. அக்டோபர் சீட்டில் அந்த வரியைக் காணோம். அதற்குப் பதில் கம்பெனி குரூப் பாலிசி எடுத்துக் கொடுத்தது. இரண்டு லட்சம், ஊழியருக்கு மட்டும்.

இ.எஸ்.ஐ.யை ஏழைகளின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 154 ரூபாய்க்கு மூன்று பேர். இத்தனை லட்சம்தான் என்று சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. பழைய நோயா புதிய நோயா என்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, அலைச்சல் உண்டு, நான் மறுக்கவில்லை. சம்பளம் 21,000-ஐத் தாண்டும்போது கிடைக்கிற கூடுதல் பணத்தில் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் உயர்வு என்று சொல்லவேண்டும்.

பிடித்தம் நின்றதும் கார்டு செத்துவிட்டது என்று அத்தை மருந்தகத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டு, மெடிக்கலில் காசு கொடுத்து மாத்திரை வாங்க ஆரம்பித்திருந்தார். அங்குதான் எல்லாரும் ஏமாறுகிறோம். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்த அரையாண்டு முடியும் வரை பிடித்தம் தொடரும், ஜூலையில் ஏறியும் செப்டம்பர் வரை பிடித்தது அதனால்தான். அந்தப் பங்களிப்புக்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. நடுவே உள்ள அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு, அதற்கு முந்தைய அரையாண்டில் கட்டிய பணம் காப்பாற்றும். ஆக, 2025 ஜூன் 30 வரை அந்தக் கார்டு உயிரோடுதான் இருந்தது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் விசாரித்து கொழுந்தனார் இதை உறுதி செய்துகொண்ட பிறகு, அத்தை மறுபடி மாத்திரை வாங்கப் போனார்.

ஜூனுக்குப் பிறகு என்ன செய்வது? என் கம்பெனியில் பாலிசி புதுப்பிப்பது ஏப்ரல் 1. வருட நடுவில் கல்யாணம், குழந்தை பிறப்பு இந்த இரண்டுக்குத்தான் கதவு திறக்கும், அதுவும் முப்பது நாளுக்குள். வேறு இடத்தில் இருந்த கவரேஜ் போய்விட்டது என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். ஆகவே மார்ச்சிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இந்த முறை நானும் கணவரும் பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினோம். குரூப் பாலிசியின் பெரிய வசதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவரேஜ். அப்படி இல்லாத குரூப் பாலிசிகளும் உண்டு, எங்களுடையதில் இருந்தது. அந்த இடத்தை, வெளியே பாலிசி கிடைக்கத் திண்டாடுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் நியாயம். அத்தைக்கு வெளியே கேட்டுப் பார்த்தோம். ஒரு கம்பெனி மறுத்தது, இன்னொன்று பிரீமியத்தை ஏற்றி, சர்க்கரை தொடர்பான எதற்கும் மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னது. என் அப்பாவுக்குப் பித்தப்பை போனது தவிர லேசான ரத்தக் கொதிப்பு மட்டுமே. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. உண்மையில் 2022-லேயே இப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அப்படி யோசித்திருந்தால் அப்பாவின் பித்தப்பை தனிநபர் பாலிசியின் இரண்டு வருடக் காத்திருப்புப் பட்டியலில் மாட்டியிருக்கலாம். தப்பான கணக்குக்கும் சில நேரம் விடை சரியாக வந்துவிடுகிறது.

பெற்றோரை எடுத்துவிட்டு மாமனார் மாமியாரைப் போடுவதை எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு முறை அனுமதித்தார்கள். பல கம்பெனிகளில் முதலில் போட்டதுதான், மாற்றவே முடியாது. அதைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்பா அம்மாவுக்கு வெளியே ஐந்து லட்சத்துக்கு, அறை வாடகை வரம்பு இல்லாத ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். சூடு பட்ட பூனை. விண்ணப்பத்தில் அப்பாவின் ஆபரேஷன், ரத்தக் கொதிப்பு மாத்திரை எல்லாவற்றையும் எழுதினேன். மறைத்தால் பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் ஜாடையாகச் சொன்னார், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். நான் பணம் கட்டியபோது 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு அது இல்லை. அதற்காகக் கிட்டத்தட்ட ஆறு மாதம் அப்பாவைக் கவரேஜ் இல்லாமல் வைத்திருக்க முடியுமா என்ன?

வரி விஷயத்தில் ஒரு சின்ன அடி. பழைய வரி முறையில் இருப்பவர்கள், அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில், 60 வயது தாண்டிய பெற்றோரின் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்த 18,000-ஐ அதுவரை அப்படித்தான் காட்டிவந்தேன். ஆனால் அந்தப் பிரிவில் பெற்றோர் என்றால் என்னைப் பெற்றவர்கள் மட்டும்தான். மாமா, அத்தைக்காக என் சம்பளத்தில் பிடிப்பதை நான் காட்ட முடியாது. கணவரும் காட்ட முடியாது, பணம் அவர் கையிலிருந்து போகவில்லை.

மார்ச் கடைசி வாரம், போர்ட்டலைத் திறந்து வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். "அத்தை, உங்க ஆதார் கார்டை எடுங்க. அதுல என்ன எழுத்து இருக்கோ, ஒவ்வொண்ணா சொல்லுங்க." இங்கிலீஷ் எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். பிறந்த தேதிக்கு வந்தோம்.

"நான் ஆடி மாசம் கண்ணு. அமாவாசைக்கு மக்காநாள்னு எங்கம்மா சொல்லும்."

"அது இருக்கட்டும் அத்தை, கார்டுல என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒண்ணு, ஒண்ணுன்னு போட்டிருக்குது. ஜனவரி ஒண்ணு. இதை எவன் போட்டான்?"

அதையே போட்டேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் இ-கார்டு வந்தது, எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. நகல் எடுத்து, மேலே சிவப்பு மார்க்கரில் 'ரூம் 3,000' என்று எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லிக் கொழுந்தனாருக்கு அனுப்பினேன். அடுத்த ஜனவரி முதல் தேதி காலையில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ், அத்தையின் பெயரைப் போட்டுப் பிறந்த நாள் வாழ்த்து. போன் செய்து படித்துக் காட்டினேன்.

"ஆடியில பொறந்தவளுக்கு மார்கழியில வாழ்த்து சொல்றானுகளா?" என்றார் அத்தை. பின்னாலிருந்து மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.